காலைப் பார்க்காதீங்க, பின்னலைப் பாருங்க

வணக்கம் மக்களே. இன்றைக்கு என் முகத்தைக் காட்டப்போவதில்லை, கேமராவைக் கீழே திருப்பி வைத்திருக்கிறேன். நீங்கள் பார்க்க வேண்டியது இந்தச் சாய்வு நாற்காலியை. எங்கள் தாத்தாவுடையது, நல்ல தேக்கு. நாற்காலியின் கையில் இருக்கிற இந்தப் பலகையை இப்படித் திருப்பி நீட்டிவிட்டால் காலைத் தூக்கி அதன் மேல் போட்டுக்கொள்ளலாம். மரத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. பிரம்பு மட்டும் நடுவில் கிழிந்து, ஏழெட்டு வருஷமாக மொட்டை மாடியில் கிடந்தது. போன மாசம் ஒரு பர்னிச்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "பிரம்பெல்லாம் இப்ப யாரு சார் போடுறா, பிளைவுட் அடிச்சு ரெக்சின் போட்டுத் தந்துர்றோம்" என்றார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, அப்படியே திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் தெப்பக்குளம் பக்கம் பிரம்பு பின்னுகிற ஒரு அண்ணனைப் பிடித்தேன். வேலையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் போனேன், ஆனால் அவர் பின்ன ஆரம்பித்ததும் கால் நகரவில்லை, சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் தெரிகிறதா? பக்கத்தில் கொண்டுவருகிறேன், பாருங்க. சீவிய பிரம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, பளபளப்பான பக்கம் மேலே தெரிகிற மாதிரி இந்தத் துளை வழியாக இழுத்து, நழுவாமல் இருக்க ஒரு சின்ன மரக்குச்சியைச் செருகிவிடுகிறார். முதலில் மேலிருந்து கீழே ஒரு வரிசை, அதன் மேல் குறுக்கே ஒன்று. மறுபடியும் மேலிருந்து கீழே, மறுபடியும் குறுக்கே, இந்த முறை மேலும் கீழுமாகக் கோத்து. அதுவரைக்கும் வெறும் கட்டம் கட்டமாகத்தான் இருந்தது. கடைசியாக மூலைவாட்டில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போடும்போதுதான், சதுரமாக இருந்த ஓட்டையெல்லாம் கண்ணெதிரே எட்டு மூலையாக மாறியது. ஆறு வரிசை. "காய்ஞ்சிருக்கையில வளைச்சா ஒடிஞ்சிரும் தம்பி, நனைஞ்சிருக்கையில வளைச்சா சொன்னபடி கேக்கும்" என்றார். ஈரம் காயக் காய அதுவே இறுகிக்கொள்கிறது. இப்போது தட்டுகிறேன், கேளுங்க. தப்பு மேளம் அடிக்கிற மாதிரி இருக்கிறதா இல்லையா?

அன்று ராத்திரி உலகத்தில் வித்தியாசமான நாற்காலிகளாகத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் காலை எண்ணித்தான் பேர் வைத்திருக்கிறோம், முக்காலி, நாற்காலி என்று. டென்மார்க்காரர் வெர்னர் பான்டன் செய்ததற்கு என்ன பேர் வைப்பது? 1967இல் விற்பனைக்கு வந்தது. ஒரே வார்ப்பில் பிளாஸ்டிக், தனியாகக் கால் என்று ஒன்றும் கிடையாது, நாக்கை நீட்டின மாதிரி வளைந்து நிற்கும். பார்க்க அழகுதான். ஆனால் அன்றைக்கு என் கண் போனதெல்லாம் உட்காரும் இடம் எப்படித் தாங்குகிறது என்பதில்தான்.

ஹான்ஸ் வெக்னர் என்று இன்னொரு டென்மார்க்காரர், 1949இல் ஒரு நாற்காலி வடிவமைத்தார். முதுகுப் பக்கம் ஒய் எழுத்து மாதிரி கவையாகப் பிரியும், எல்லோரும் அதைத்தான் படம் எடுத்துப் போடுகிறார்கள். உட்காருகிற இடம் எதில் பின்னியது தெரியுமா? காகிதம். காகிதத்தை முறுக்கித் திரித்த கயிறு, ஒரு நாற்காலிக்குச் சுமார் 120 மீட்டர், இன்றைக்கும் கையால்தான் பின்னுகிறார்கள். காகிதத்தின் மேல் ஆள் உட்கார்ந்து பல வருஷம் தாங்குகிறது என்றால் அந்த முறுக்கும் இழுப்பும் எப்படி இருக்க வேண்டும்!

பிரேசிலில் கம்பானா சகோதரர்கள் இதற்கு நேர் எதிர். 1993இல் அவர்கள் செய்த வெர்மெல்யா நாற்காலிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் சிவப்புக் கயிறு. ஒழுங்கான பின்னலே கிடையாது, இரும்புச் சட்டத்தின் மேல் சுற்றி, நுழைத்து, வளையம் வளையமாகத் தொங்கவிட்டு, இடியாப்பத்தைக் குவித்து வைத்த மாதிரி இருக்கும். முதல் தடவை பார்த்தபோது பிடிக்கவில்லை. இரண்டு மூன்று தடவை உற்றுப் பார்த்த பிறகு ஊரில் அப்பத்தா வீட்டுக் கயிற்றுக் கட்டில் ஞாபகம் வந்தது, படுத்தால் உடம்புக்கு ஏற்ற மாதிரி குழிந்து கொடுக்குமே, அதேதான் இது, ஒழுங்கை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறார்கள். ஜப்பானில் ஷிரோ குராமாட்டா 1986இல் வெறும் எஃகு வலையால் ஒரு சோபா நாற்காலியே செய்துவிட்டார். உள்ளே சட்டமும் இல்லை, பஞ்சும் இல்லை, அந்தப் பக்கம் இருக்கிற சுவர் தெரியும். ஓட்டைதான் முக்கால்வாசி. பிரம்பும் அப்படித்தானே? அதனால்தான் சித்திரை மாச மதுரை வெயிலில் ரெக்சினில் உட்கார்ந்தால் முதுகு நனைந்துவிடுகிறது, இதில் காற்று அடியிலிருந்து வருகிறது.

பின்னலுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், விட மனசில்லை. மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். அது முடிந்த பிறகு மக்களிடம் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தையல் மெஷின், சைக்கிள், மண்வெட்டி என்று கொடுத்தார்கள். அப்படி வந்து வெட்டிப்போட்ட துப்பாக்கிகளை வைத்து கெஸ்டர் என்ற கலைஞர் 2001இல் ஒரு நாற்காலி செய்தார். இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சாய்கிற இடத்தில் துப்பாக்கிக் கட்டை, கை வைக்கிற இடத்தில் குழல். அதன் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன், அடுத்த படத்துக்குப் போக முடியவில்லை.

சரி, நம்ம நாற்காலிக்கு வருவோம். அண்ணன் சொல்லி அனுப்பியது இரண்டே விஷயம். நின்றுகொண்டோ முட்டி போட்டோ இதன் மேல் ஏறக்கூடாது, பாரம் ஒரே இடத்தில் விழுந்தால் அறுந்துவிடும். கொஞ்சம் தொய்ந்த மாதிரி தெரிந்தால் ஈரத்துணியால் அடிப்பக்கத்தை நன்றாக நனைத்து நிழலில் காயவிட வேண்டும், பழையபடி இறுகிவிடும். உங்கள் வீட்டுப் பரணிலோ மாடியிலோ இந்த மாதிரி ஒன்று கிடந்தால் பலகை அடித்துவிடாதீங்க, படம் எடுத்து எனக்கு அனுப்புங்க, உங்கள் ஊர்ப் பக்கம் பின்னுகிறவர் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்க. கேமராவை இப்போது நிறுத்துகிறேன், இதில் முதலில் அப்பா உட்காரட்டும் என்று காலையிலிருந்து யாரையும் உட்காரவிடாமல் வைத்திருக்கிறேன், அவர் வந்துவிட்டார்.