தீவன மூட்டையில் வந்த சிப்பிக்கு என்ன பேர்?

(நாமக்கல் பக்கம் ஒரு ஞாயிறு மாலை பேசியதை எழுதித் தருகிறேன்.)

பெரியவர்களுக்கு வணக்கம். முன்வரிசைக் கண்ணுகளுக்கும் வணக்கம்.

கடலே இல்லாத ஊரில் கடல் சிப்பியைப் பற்றி என்ன பேச்சு என்று தோன்றலாம். ஆனால் முட்டைக்கோழி வளர்க்கிற வீடுகளுக்குக் கிளிஞ்சல் மூட்டை வந்து இறங்குகிறதே, முட்டை ஓடு கெட்டியாக இருக்கச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று, அந்த மூட்டைக்குள் கையை விட்டால் உடையாத ஓடு ஒன்றிரண்டு தட்டுப்படும். அப்படிப் பொறுக்கியதைத்தான் கொண்டு வந்திருக்கிறேன், கைமாற்றிப் பாருங்கள்.

இதற்கு ஜோடியாக இன்னொரு ஓடு இருந்தது. இரண்டும் ஓரத்தில் கீல் வைத்த கதவு மாதிரி சேர்ந்திருக்கும். சங்குக்கு ஒரே ஓடுதான், அதனால் நம் நொய்யல் கரைக் கொடுமணலில் தோண்டியெடுத்த சங்கு வளையல் இந்தக் கூட்டத்தில் சேராது.

கீலின் உட்பக்கத்தை விரலால் தடவுங்கள். சின்னச் சின்னப் பல்லாகச் சீப்பு போல வரிசையாக இருந்தால் அது இரத்த மட்டி என்ற சிப்பியின் சொந்தக்காரன், தடித்த பல் இரண்டு மூன்று மட்டும் இருந்தால் வேறு குடும்பம். வெகுகாலம் இந்தப் பல்லையும் செவுளையும் பார்த்துத்தான் குடும்பம் பிரித்தார்கள், இப்போது மரபணுவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். கப்பல் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழு பார்க்க அசல் புழுதான், ஆனாலும் தலைமாட்டில் குட்டியாக இரண்டு ஓடு இருப்பதால் அதுவும் சிப்பி இனமே!

சரி, பேருக்கு வருவோம். விலங்குப் பெயர்களுக்குக் கணக்குத் தொடங்குவது 1758-இல், உயிர்களுக்குப் பேர் வைக்கும் முறையை வகுத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் எழுதிய நூலின் பத்தாம் பதிப்பு வந்த ஆண்டு. பச்சை ஓடுள்ள பச்சை ஆளி என்ற சிப்பிக்கு அவர் வைத்த பேர் மைட்டிலஸ் விரிடிஸ். இதில் முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய சொந்தங்களின் கூட்டம். பின்னால் வந்தவர்கள் அதைப் பெர்னா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள், அதனால் இன்று பெர்னா விரிடிஸ் (லின்னேயஸ், 1758) என்று எழுதுகிறோம். அந்த அடைப்புக்குறி அலங்காரம் இல்லை கண்ணுகளா, இந்த உயிர் முதலில் வேறு பேரினத்தில் இருந்தது என்று சொல்லும் குறி. பேரினம் மாறாத மைட்டிலஸ் எடுலிஸ் என்ற இன்னொரு சிப்பிக்கு அடைப்புக்குறி போடாமல் லின்னேயஸ், 1758 என்றே எழுதுவார்கள்.

என் மனதுக்கு நெருக்கமானது நம் கழிமுகத்து ஆளி. 1916-இல் பிரெஸ்டன் என்ற ஆய்வாளர் அதற்கு மெட்ராசென்சிஸ் என்று சென்னையின் பேரை வைத்தார், நான் படித்ததும் அந்தப் பேரைத்தான். அப்புறம் பார்த்தால் ரோடிங் என்பவர் 1798-லேயே பைலினியேட்டா என்று பேர் வைத்த ஆளியும் இதுவும் ஒன்றே என்று ஆகிவிட்டது. முந்தி வைத்த பேருக்கே முதலுரிமை என்பது விதி, ஆகவே இப்போது மகல்லானா பைலினியேட்டா. நம் ஊர்ப் பேர் போனதில் எனக்கு வருத்தம்தான், ஆனாலும் விதி சரி. இல்லாவிட்டால் ஒரே ஆளிக்கு ஊருக்கொரு பேர் வைத்து, யார் எதைச் சொல்கிறார்கள் என்றே புரியாமல் போய்விடும்.

அடுத்த தடவை ராமேஸ்வரமோ தூத்துக்குடியோ போனால் ஓடு பொறுக்குங்கள். பொறுக்கிய இடத்தையும் தேதியையும் ஒரு துண்டுச் சீட்டில் அங்கேயே எழுதி ஓட்டோடு வையுங்கள். பேரை வீட்டுக்கு வந்து கீலைப் பார்த்துத் தேடிக்கொள்ளலாம், எங்கே எடுத்தோம் என்பதை எந்தக் கீலும் சொல்லாது.