விலை குறைந்த வில்லும் சரியான அம்பும்

நேயர்களுக்கு வணக்கம். "சார், கையில ஆறாயிரம் ரூபாய்தான் இருக்கு, இதுக்கு உருப்படியா ஒரு வில் கிடைக்குமா?" ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் போவதில்லை. கிடைக்கும். ஜார்க்கண்டைச் சேர்ந்த வில்வித்தை வீராங்கனை தீபிகா குமாரி மூங்கில் வில்லை வைத்துத்தான் பழக ஆரம்பித்தார். விலை பெரிய தடை இல்லை, ஆனால் வாங்கும்போது பார்க்கத் தெரிய வேண்டும்.

நான் சொல்வது ரிகர்வ் வில். நுனி இரண்டும் வில்லாளிக்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். அதிலும் குறி பார்க்கும் கருவி எதுவும் மாட்டாதது. நடுவில் மரக் கைப்பிடி, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் பட்டையான இரண்டு கைகள், அதைத்தான் லிம்ப் என்கிறோம், அப்புறம் ஒரு நாண், அவ்வளவுதான். மலிவு விலையில் வருவது பெரும்பாலும் லிம்பைக் கழற்றி மாட்டுகிற வகை.

கடையில் வில்லைக் கொடுத்ததும் பாலிஷைப் பார்க்காதீர்கள். நாணை ஏற்றித் தரச் சொல்லுங்கள். நாண் உங்கள் பக்கம் இருக்கும்படி வில்லை நிறுத்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தச்சர் பலகையின் நேர் பார்ப்பாரே அதே மாதிரி பாருங்கள். நாண் இரண்டு லிம்புக்கும் நட்டநடுவே ஓட வேண்டும். ஒரு நுனியில் மட்டும் ஓரமாக ஒதுங்கினால் லிம்ப் முறுக்கிக்கொண்டிருக்கிறது. சில சமயம் லிம்ப் உட்காரும் பள்ளத்தில் தூசி இருந்தாலும் இப்படித் தெரியும், கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள். அப்படியும் ஒதுங்கினால் வேறு வில் கேளுங்கள்.

அடுத்தது, கொஞ்சம் பஞ்சு. பஞ்சை லிம்பின் ஓரத்தில் நுனியிலிருந்து கைப்பிடி வரை மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். எங்கேயாவது ஒரு இழை மாட்டிக்கொண்டு நின்றால் அங்கே லிம்பில் ஒட்டியிருக்கும் கண்ணாடி இழை (ஃபைபர் கிளாஸ்) கிளம்பியிருக்கிறது, விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாதது பஞ்சுக்குத் தெரியும்.

இன்னொன்று, கடைக்காரர் வேகத்தைக் காட்டுகிறேன் என்று அம்பு இல்லாமல் நாணை இழுத்து 'டங்' என்று விட்டால், அந்த வில்லை மட்டும் வாங்காதீர்கள். அம்பு எடுத்துக்கொண்டு போக வேண்டிய சக்தி முழுக்க லிம்புக்குள்ளேயே அதிர்ந்து அடங்கும், ஒட்டு விட்டுப்போகும், அங்கேயே முறிந்தாலும் முறியும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் கையில் வில்லைக் கொடுக்கும்போதும் இதை முதலில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

அப்புறம் பவுண்டு. 25 பவுண்டு என்று எழுதியிருந்தால், 28 அங்குலம் இழுக்கும்போது அவ்வளவு பலம் கேட்கும் என்று பொருள். எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். விமானத்துக்குப் போகும்முன் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் கொக்கித் தராசு பல வீட்டில் இருக்கிறது. அதை நாணில் மாட்டி, கைப்பிடியின் முன்பக்கத்திலிருந்து, அதாவது இலக்கைப் பார்த்த பக்கத்திலிருந்து, 28 அங்குலம் வரும்வரை இழுத்துப் பாருங்கள். 25 பவுண்டு வில் என்றால் சுமார் 11 கிலோ காட்ட வேண்டும். ஒன்றிரண்டு பவுண்டு முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. 24 அங்குலத்திலிருந்து ஒவ்வொரு அங்குலத்துக்கும் எவ்வளவு ஏறுகிறது என்றும் பாருங்கள். ஒரே அளவாக ஏறினால் நல்ல வில். கடைசி அங்குலத்தில் திடீரென்று எகிறினால் அதை இழுத்து நிறுத்திக் குறி பார்ப்பது பெரும்பாடு.

சரி, வில் போதும். நான் உண்மையில் பேச வந்தது அம்பைப் பற்றி. வில்லுக்கு ஆறாயிரம் செலவு செய்கிறவர், அம்பு என்றதும் "எது மலிவோ அதைக் கொடுங்க" என்று முடித்துவிடுகிறார். இங்கேதான் எனக்கு மனசு கேட்பதில்லை.

என்னிடம் 13 வயசுப் பையன் ஒருவன் வந்தான். வலதுகைக்காரன். என்ன செய்தாலும் அம்பு இடதுபக்கமே போகும். முழங்கையைத் திருத்தினேன், தோளைத் திருத்தினேன், விரலை விடுகிற விதத்தைத் திருத்தினேன், மூன்று வாரம் போனது. பையன் முகம் வாடிவிட்டது. அவன் அம்மா வில்தான் சரியில்லை என்று நினைத்து 18,000 ரூபாய்க்கு வேறு வில் பார்த்து வைத்துவிட்டார். அன்றைக்குத்தான் அவன் அம்பைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தண்டில் 400 என்று எழுதியிருந்தது. அவன் வில் 24 பவுண்டு, அவன் கை நீளத்துக்கு அதில் 20 பவுண்டு வந்தாலே அதிகம். என் தூணியிலிருந்து 900 எண் அம்பு மூன்றை எடுத்துக் கொடுத்தேன். அதே வில், அதே முழங்கை. மூன்றும் இலக்கின் நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டத்தை ஒட்டிப் போய்க் குத்தின. முதல் நாளே நான் அம்பைப் பார்த்திருக்க வேண்டும், அந்த மூன்று வாரம் அவனுக்கு வீணாய்ப் போனது.

அந்த எண் என்ன? 28 அங்குல இடைவெளியில் இரண்டு முனையையும் தாங்கி வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் தண்டு எவ்வளவு தொய்கிறது என்ற கணக்கு. 400 என்றால் 0.4 அங்குலம், 900 என்றால் 0.9 அங்குலம். எண் கூடக் கூடத் தண்டு இளக்கம். நாண் தள்ளும்போது அம்பு கைப்பிடியைச் சுற்றிக் கொஞ்சம் வளைந்துதான் வெளியே போகிறது, மீன் உடம்பை நெளித்துப் போவது மாதிரி. விறைப்பான அம்பு வளைய மறுக்கும், வலதுகைக்காரருக்கு இடதுபக்கம் ஒதுங்கும். திரும்பவும் சொல்கிறேன், சுமாரான வில்லும் பொருத்தமான அம்பும் இருந்தால் போதும், பழகிவிடலாம். உயர்ந்த வில்லில் பொருந்தாத அம்பைப் பூட்டினால் குறி சேராது.

ஆறு அம்பு வாங்கினால் ஆறையும் கண்ணாடி மேசையில் உருட்டுங்கள், தத்தினால் கோணல். சமையலறை எலக்ட்ரானிக் தராசில் ஒவ்வொன்றாக நிறுங்கள், ஆறும் ஏறக்குறைய ஒரே எடை காட்ட வேண்டும். கைப்பிடி மேலேயே அம்பை வைத்து எய்வதென்றால் இறகு வைத்த அம்பு வாங்குங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். இறகு உரசும்போது மடிந்து கொடுக்கும், பிளாஸ்டிக் முட்டி அம்பைத் தள்ளிவிடும். கார்பன் அம்பை எய்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் இரண்டு முனையையும் பிடித்துக் கொஞ்சமாக வளைத்து, காதருகே திருப்பிப் பாருங்கள். அப்பளம் நொறுங்குகிற மாதிரி சின்னச் சத்தம் வந்தாலும் அதை உடைத்துப் போட்டுவிடுங்கள். எய்யும்போது உடைந்தால் சிம்பு கையில் ஏறிவிடும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நாண், பராமரிப்பு இரண்டுக்கும் நிறைய வைத்திருந்தேன், இரண்டே வார்த்தை. பழைய வில்லாக இருந்து, லிம்பின் நுனி பலப்படுத்தியதா என்று தெரியாவிட்டால், கொஞ்சம் நீண்டு கொடுக்கும் டேக்ரான் நூல் நாணே போடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை விடாதீர்கள், சூட்டில் லிம்பின் ஒட்டு இளகிவிடும். நன்றி, வணக்கம்.