டவுன்டவுன்ல கடை போடறீங்களா? கிராண்ட் காசு எப்போ கைக்கு வரும்னு மொதல்ல பேசிடுவோம்

ஹாய், எல்லாருக்கும் வணக்கம். கடைய மூடிட்டு உள்ளயே உக்காந்து பேசறேன், பின்னாடி ஹீட்டர் சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. ஆல்டரேஷன் கடைய சுத்திக் காட்டின வீடியோ போட்டதுல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது, "அக்கா, அமெரிக்கால டவுன்டவுன்ல சின்னதா கடை போட்டா கிராண்ட் குடுக்கறாங்களாமே, எப்படி வாங்கறது?" வாங்கலாம்ப்பா, நானும் வாங்கியிருக்கேன். ஆனா கிராண்ட்னா திருப்பிக் கட்ட வேண்டாத உதவிப் பணம், அந்த வார்த்தை காதுல விழுந்ததும் ஒரு செக்கு தபால்ல வரப்போற மாதிரி நமக்கு ஒரு நெனப்பு வருது பாருங்க, அங்கதான் நான் சறுக்கினேன்.

டவுன்டவுன் கடைகளுக்கு ஊர் ஊருக்கு இருக்கறது பெரும்பாலும் ஃபசாட் கிராண்ட், அதாவது கடையோட முகப்ப சரி பண்ண குடுக்கற காசு. போர்டு, ஆனிங் (வாசலுக்கு மேல நிழலுக்கு நீட்டற துணிக்கூரை), கண்ணாடி, பெயின்ட், இந்த மாதிரி ஐட்டங்களுக்குத்தான். முக்காவாசி இடத்துல இது ரீஇம்பர்ஸ்மென்ட், மேட்சிங் வேற. புரியற மாதிரி சொல்றேன், 8,000 டாலர் வேலைன்னா அந்த 8,000-த்தையும் மொதல்ல நீங்க கட்டணும், வேலைய முடிக்கணும், பில்லு, பேங்க்ல பாஸ் ஆன செக்கு, முன்ன பின்ன எடுத்த ஃபோட்டோ எல்லாம் குடுக்கணும், அவங்க வந்து பாத்துட்டுப் போவாங்க, அப்புறம் ஒரு நாள் 4,000 வரும். அந்த "ஒரு நாள்" வரைக்கும் வாடகை நிக்குமா, நூல்காரன் நிப்பானா?

இன்னொன்னு, அப்ரூவல் லெட்டர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு ரூபா செலவு பண்ணாலும் அது கணக்குல சேராது. நான் என்ன பண்ணேன்னா, கிராண்ட் குடுக்கற கமிட்டியோட மீட்டிங் நல்லா போச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, கை குடுத்தாங்க, சரி கிடைச்ச மாதிரிதான்னு நெனச்சு மறுநாளே போர்டுக்கு அட்வான்ஸ் கட்டிட்டேன். லெட்டர் வந்தது மூணு வாரம் கழிச்சு. ரசீதுல தேதிய பாத்தாங்க, போர்டு மொத்தமும் அவுட். ஆனிங்குக்கு மட்டும்தான் பாதி காசு வந்துச்சு. பில்டிங் ஓனரோட எழுத்துப்பூர்வமான சம்மதமும் கேப்பாங்க, ஹிஸ்டாரிக் டிஸ்ட்ரிக்ட்னா, அதாவது பழமைய பாதுகாக்கற ஏரியான்னா, என்ன கலர், எந்த மாதிரி போர்டுன்னு அதுக்கும் தனி அனுமதி, இதெல்லாம் முன்னாடியே விசாரிச்சு வெச்சுக்கோங்க.

சரி, நாம காசு கட்டறதுக்கும் அது திரும்பி வர்றதுக்கும் நடுவுல விழற அந்த பள்ளத்த எப்படி அடைக்கறது? இதுதான் இன்னைக்கு நான் பேச வந்த விஷயமே. ஏன்னா அந்த பள்ளத்துலதான் ஃபோன் வரும். "மேடம், உங்க கடைக்கு 20,000 டாலர் ப்ரீ அப்ரூவ்டு, நாளைக்கே அக்கவுன்ட்ல." மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ்னு பேரு, யார்னு பேரெல்லாம் சொல்லப் போறதில்ல. நான் எடுத்தேன். வட்டி எவ்ளோன்னு கேட்டா இது லோனே இல்ல மேடம், உங்க வரப்போற சேல்ஸ்ல ஒரு பங்க நாங்க வாங்கறோம்னாங்க, ஃபேக்டர் ரேட் 1.35-ன்னாங்க, நானும் ஒன்னரை வட்டி மாதிரி ஏதோன்னு நெனச்சு கையெழுத்து போட்டேன். 20,000-த்த 1.35-ஆல பெருக்குங்க, 27,000. அத ஒன்பது மாசத்துல, வேலை நாள் ஒவ்வொன்னுக்கும் 142 டாலர்னு அக்கவுன்ட்ல இருந்து அவங்களே உருவிக்கிட்டாங்க. அசல் தினமும் கொறஞ்சுக்கிட்டே வருதுல்ல, அதையும் சேத்து கணக்கு போட்டா வருஷ வட்டி 80 சதவீதம் பக்கம் வருது. ஜனவரில ஒரு பனி நாள், ரோட்டுல ஈ காக்கா இல்ல, ஒரு ஜிப்பு மாத்தினேன், ஒரு பேன்ட்டுக்கு ஹெம் அடிச்சேன், மொத்த வரவு 38 டாலர். சாயந்தரம் ஃபோன்ல மெசேஜ், 142 போயிடுச்சு. அன்னைக்கு மெஷின் மேல தலைய வெச்சு அப்படியே உக்காந்திருந்தேன்.

அப்புறம்தான் ஸ்கோர்னு ஒரு அமைப்பு பக்கம் போனேன். 1964-ல இருந்து இருக்கு, ரிட்டயர் ஆனவங்க, பிசினஸ் பண்ணி அடி வாங்கினவங்க, சும்மா ஃப்ரீயா உக்காந்து வழி சொல்லுவாங்க. எஸ்பிடிசின்னு இன்னொன்னு, சின்ன தொழிலுக்கு வழிகாட்டற மையம், நெறய இடத்துல யுனிவர்சிட்டி, காலேஜ்குள்ளயே இருக்கும், அவங்ககிட்ட ஆலோசனைக்கு காசு கிடையாது. கேஷ் ஃப்ளோ ஷீட், அதாவது மாசா மாசம் வரவு செலவு கணக்கு, போட எனக்கு சொல்லிக் குடுத்தது அங்கதான். பன்னெண்டு மாசத்தையும் பன்னெண்டு கட்டமா போட்டு, ப்ராம் சீசன் (ஸ்கூல் டான்ஸ் பார்ட்டிக்கு டிரெஸ் தைக்க வர்ற நேரம்) மேல ஏறுது, ஜனவரி பள்ளம், அத பேப்பர்ல பாத்தப்போ எனக்கே வெக்கமா இருந்துச்சு, இத கடை தொறக்கறதுக்கு முன்னாடில்ல போட்டிருக்கணும்.

எஸ்பிஏ, அதாவது சின்ன தொழிலுக்கான அமெரிக்க அரசு அமைப்பு, அதோட லோன் பத்தி நெறய பேர் கேக்கறீங்க. 7ஏ லோன் 50 லட்சம் டாலர் வரைக்கும் போகும், அது நம்ம சைஸ் இல்ல. காசு குடுக்கறது பேங்க், எஸ்பிஏ கேரன்டிதான் குடுக்குது, அந்த கேரன்டி பேங்குக்கு, உங்களுக்கில்ல, இத நல்லா மனசுல வெச்சுக்கோங்க. 20 சதவீதமோ அதுக்கு மேலயோ பங்கு வெச்சிருக்கற ஒவ்வொருத்தரும் பர்சனல் கேரன்டி போடணும், கடை கட்டலன்னா நான் கட்டறேன்னு. நம்ம ஆளுங்களுக்கு ஒரு விஷயம், 2025-ல இருந்து ஓனரோட இமிக்ரேஷன் ஸ்டேட்டஸ் ரூல் ரொம்ப டைட், ஹெச்1பில இருக்கறவர் பேர்ல பங்கு இருந்தாலே சிக்கல், அதனால ஃபார்ம் நிரப்பறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

நம்ம சைஸுக்கு இருக்கறது எஸ்பிஏவோட மைக்ரோலோன், 50,000 டாலர் வரைக்கும், குடுக்கறது பேங்க் இல்ல, லாப நோக்கமில்லாத அமைப்புங்க. மெஷின், சரக்கு, கைமுதல், எல்லாத்துக்கும் யூஸ் பண்ணலாம். நான் ஆசையா போய், இத வாங்கி அந்த 142 சனியன அடைச்சிடறேன்னேன். அந்த அமைப்புல இருந்த அம்மா பாவமா பாத்துட்டு, பழைய கடன அடைக்க இத குடுக்க முடியாதுங்க, ரூல் அப்படின்னாங்க. அதாவது அவசரத்துல தப்பான கதவ தட்டிட்டா சரியான கதவும் பாதி மூடிக்குது. கடைசில என் தம்பிகிட்ட கை நீட்டித்தான் அத முடிச்சேன், அவன் இன்னும் சொல்லிக் காட்டறான்.

ஃபசாட் பள்ளத்துக்கு எனக்கு கை குடுத்தது கிவான்னு ஒரு ஆன்லைன் கடன் அமைப்பு. அமெரிக்கால சின்ன தொழிலுக்கு 15,000 டாலர் வரைக்கும் வட்டியே இல்லாம, ஊர்ல இருக்கறவங்க 25 டாலர், 50 டாலர்னு போட்டு சேக்கறது. ஆனா மொதல்ல உங்க சொந்த வட்டத்துல இருந்து கொஞ்ச பேர் போடணும், அதுக்கு அப்புறம்தான் பொதுவுல வரும். என் கஸ்டமர் பாட்டி ஒருத்தங்க, கல்யாணப் புடவைய கவுனா மாத்தி குடுத்தேனே, அவங்கதான் மொத ஆளு.

இன்னொன்னு, இது யாரும் சொல்றதே இல்ல. டவுன்டவுன் பில்டிங்லாம் பழசு, வாசல்ல ஒரு படி இருக்கும், வீல் சேர் ஏறாது. 1990-க்கு முன்னாடி கட்டின பில்டிங்ல அந்த மாதிரி தடைய எடுக்க செலவு பண்ணா வருமான வரில க்ரெடிட் உண்டு, ஃபார்ம் 8826. வருஷ வரவு 10 லட்சம் டாலருக்குள்ள இருந்தா போதும். மொத 250-ஐ விட்டுட்டு 10,250 வரைக்கும் ஆகற செலவுல பாதி. ரேம்ப்புக்கு எனக்கு 3,250 ஆச்சு, வரில 1,500 கொறஞ்சுது. என் டேக்ஸ் ஆளுக்கே நான்தான் சொன்னேன்!

அப்புறம் உங்க லீஸ எடுத்து ஒரு தடவ படிங்க, டிரிபிள் நெட் லீஸா இருந்தா, அதாவது வாடகையோட பில்டிங் வரி, இன்சூரன்ஸ், பராமரிப்பு செலவும் நம்ம தலைல விழற லீஸா இருந்தா, அந்த ஏரியாவோட பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட் (ஏரியாவ மேம்படுத்த காசு வசூலிக்கற அமைப்பு) வசூலிக்கற காசு பில்டிங் ஓனர் மூலமா உங்க தலைலதான் வந்து உக்காந்திருக்கும். நாம கட்டற காசுதானே, கூச்சப்படாம அவங்க ஆபீஸுக்கு போய் கடைங்களுக்கு என்ன பண்றீங்கன்னு கேளுங்க. பழைய டவுன்டவுனுக்கு உயிர் குடுக்கற மெயின் ஸ்ட்ரீட் ப்ரோக்ராம் உங்க ஊர்ல இருந்தா அங்கயும் போங்க, 1980-ல ஹிஸ்டாரிக் ப்ரிசர்வேஷன் ட்ரஸ்ட் ஆரம்பிச்ச வேலை அது, எந்த கிராண்ட் எப்போ தொறக்குதுன்னு அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியும்.

அடுத்த வீடியோல லீஸ மட்டும் எடுத்து வரி வரியா பாக்கலாம். சரி, கெளம்பணும், வெளில லைட் எரிஞ்சிட்டே இருக்கு, போய் அணைச்சிட்டு வர்றேன். அந்த போர்டு லைட்டுதான், முழுக் காசும் நானே கட்டினது.