ஒரே ஒரு சப்கேரியர் திரும்புனா கோடு என்ன ஆகும்?

வணக்கம் மக்களே. ஓஎஃப்டிஎம்னா வேகமான டேட்டாவ நிறைய மெதுவான சப்கேரியரா (அதாவது குறுகலான துணை அலைகளா) பிரிச்சு அனுப்புறது, அதுக்கு மேல சிடிஎம்ஏ-வோட (ஒரே அலைவரிசைய பல பேர் ஆளுக்கொரு கோட வெச்சு பங்கு போட்டுக்கற முறை) ஸ்பிரெட்டிங் கோட, அதாவது டேட்டாவ பரப்புற +1, −1 வரிசைய, ஏத்தி 1993-ல யீ, லின்னார்ட்ஸ், ஃபெட்வைஸ் மூணு பேரும் பேப்பர் போட்டாங்க, அதான் எம்சி-சிடிஎம்ஏ. படிக்கிறப்போ நிறைய பேர் கோட நல்லா படிச்சுட்டு சேனல் எஸ்டிமேஷன (வழியில சிக்னல் எப்படி மாறுச்சுனு கணிக்கறத) தனி பாடம்னு ஒதுக்கிடுறாங்க. அது இல்லாம கோடு நிக்கவே நிக்காதுங்க. பேப்பர் பேனா எடுங்க, போட்டே பாத்துடலாம்.

[திரையில்: நாலு கட்டம்]

நாலு சப்கேரியர், ரெண்டு யூசர். முதல் ஆளோட வால்ஷ் கோடு +1 +1 +1 +1, ரெண்டாவது ஆளோடது +1 −1 +1 −1. நேருக்கு நேர் பெருக்கி கூட்டுனா சைபர் வருதா, அதான் ஆர்த்தோகனல். இப்ப முதல் ஆள் +1 அனுப்புறார், அடுத்தவர் −1 அனுப்புறார், ரெண்டும் கலந்து காத்துல போறது 0, 2, 0, 2. ரிசீவர்ல முதல் கோடால பெருக்கி கூட்டி நாலால வகுத்தா +1, ரெண்டாவது கோடால செஞ்சா −1. சுத்தமா பிரிஞ்சு வந்துடுச்சு.

ஆனா சிக்னல் நேரா மட்டும் வராது, கட்டடத்துல பட்டு 300 மீட்டர் கூட சுத்தி வந்தாலே 1 மைக்ரோசெகண்ட் லேட்டு, அதனால ஒவ்வொரு சப்கேரியரும் ஒவ்வொரு மாதிரி அடி வாங்கும். நாலாவது மட்டும் 180 டிகிரி திரும்பிடுச்சுனு வைங்க, அதாவது + இருந்தது − ஆயிடும்.

[திரையில்: 0, 2, 0, −2]

இப்ப பிரிச்சு பாருங்க. ரெண்டு பேருக்குமே சைபர்! நாய்ஸ் துளிகூட இல்ல, ஆனாலும் ரெண்டு பேர் டேட்டாவும் போச்சு. எனக்கு இந்த சப்ஜெக்ட் புடிச்சதே இந்த கணக்கப் பாத்து தான்.

நாலாவது திரும்பியிருக்குனு தெரிஞ்சா திருப்பி வெச்சுடலாம், அத கண்டுபிடிக்கத்தான் பைலட். ரெண்டு பக்கமும் முன்னாடியே தெரிஞ்ச சிம்பல அனுப்புறோம், வந்தத அனுப்புனதால வகுத்தா அந்த எடத்தோட சேனல் கிடைக்கும், நடுவுல இருக்கறத பக்கத்துல இருக்கறத வெச்சு கணிச்சுக்கணும் (இன்டர்போலேட்). எல்டிஇ-ல (4ஜி) ஒரு ஆன்டெனாவுக்கு 6 சப்கேரியருக்கு ஒரு பைலட், 1 மில்லிசெகண்டுக்குள்ள நாலு தடவ வரும். 2 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் 15 சென்டிமீட்டர், 100 கிலோமீட்டர் வேகத்துல போற ட்ரெயின் அந்த 1 மில்லிசெகண்டுல கிட்டத்தட்ட 2.8 சென்டிமீட்டர் நகர்ந்துடும், அதுக்குள்ளயே சேனல் மாறிடுது, அதனாலதான் அத்தன தடவ.

சேனல் தெரிஞ்சதும் கண்ண மூடிட்டு வகுத்துடாதீங்க. ஒரு சப்கேரியர் 0.1-க்கு இறங்கியிருந்தா வகுக்கறப்போ நாய்ஸும் 10 மடங்கு ஏறும், கோடு சரியாகும் ஆனா டேட்டா கெட்டுடும். அதனால எம்எம்எஸ்இ-னு ஒரு முறை, சராசரி தப்ப குறைவா வைக்கறது, நாய்ஸ் எவ்ளோனு பாத்து பலவீனமான சப்கேரியர கொஞ்சமா எடுத்துக்கும், ஆர்த்தோகனல் லேசா கெட்டு ஒருத்தர் டேட்டா இன்னொருத்தர் கிட்ட கொஞ்சம் கசியும், பரவால்ல.

இன்னொன்னு, 5ஜி-ல பைலட்டுக்கே கோடு போடுறாங்க. ரெண்டு ஆன்டெனா போர்ட் (ரிசீவர் தனித்தனி ஆன்டெனாவா பாக்கறது) ஒரே சப்கேரியர் ஜோடிய பங்கு போட்டுக்கும், ஒண்ணு +1 +1, இன்னொன்னு +1 −1. அந்த ரெண்டு சப்கேரியர்லயும் சேனல் ஒரே மாதிரி இருந்தா தான் ரெண்டு போர்ட்டும் பிரியும், இல்லனா சேனல் எஸ்டிமேட்டே தப்பாயிடும்.