பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் ‘புதிய பதிப்பு ஏதுமில்லை’ என்று தவறாகச் சொல்லும்போது என்ன செய்வது?

[திரையில்: பிஎஃப்சென்ஸ் டாஷ்போர்டு. ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ கட்டம் பெரிதாக்கிக் காட்டப்படுகிறது.]

திரையில் தெரிவது, பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளின் இலவச கம்யூனிட்டி பதிப்பில் இயங்கும் ஒரு ஃபயர்வாலின், அதாவது வலையமைப்புக்குள் வந்துபோகும் தரவை வடிகட்டும் காவல் சாதனத்தின், முகப்புப் பக்கம். ‘வெர்ஷன்’ என்ற வரிக்கு எதிரே 2.7.0 என்ற எண்ணும், அதற்குக் கீழே, இந்தச் சாதனம் சமீபத்திய பதிப்பில்தான் இருக்கிறது என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியமும் உள்ளன. எண் சரியானது, வாக்கியம் தவறானது. 2.7.0 பதிப்பு 2023 ஜூன் மாத இறுதியில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில் 2.7.1, டிசம்பரில் 2.7.2, பிறகு 2025 மே மாதத்தில் 2.8.0 என்று அடுத்தடுத்த பதிப்புகள் வந்துவிட்டன. ஆயினும் இந்தச் சாதனம் தான் முன்னணியில் நிற்பதாகவே அறிவித்துக்கொண்டிருக்கிறது.

ஃபயர்வாலைப் பொறுத்தவரை இதைச் சிறிய குறையாக எடுத்துக்கொள்ள முடியாது. 2.7.1 பதிப்பில், பிஎஃப்சென்ஸின் இணைய இடைமுகத்தில் கண்டுபிடிக்கப்பட்டிருந்த குறுக்குத்தள ஸ்கிரிப்ட் ஓட்டைகளும் (பிறர் எழுதிய நிரலை நிர்வாகியின் உலாவியில் ஓடவிடுபவை) கட்டளைச் செருகல் ஓட்டை ஒன்றும் (சாதனத்தில் பிறர் கட்டளைகளை இயக்க வழிவிடுவது) அடைக்கப்பட்டன. 2.7.2 பதிப்பு, பிஎஃப்சென்ஸுக்கு அடித்தளமான ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் பாக்கெட் வடிகட்டியான ‘பிஎஃப்’பில் இருந்த ஒரு டிசிபி பாதுகாப்புக் குறையையும், இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் தரவைச் சிதைக்கக்கூடிய ஒரு பிழையையும் சரிசெய்தது. ‘புதிதாக ஏதுமில்லை’ என்ற வாக்கியத்தை நம்பிய நிர்வாகி இவை அனைத்தையும் இழந்தவராகிறார். அவர் கவனக்குறைவானவரும் அல்லர், நாள்தோறும் டாஷ்போர்டைப் பார்த்தவர்தான்.

[திரையில்: மூன்று சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன: நிறுவப்பட்ட பதிப்பு, கிளை, பட்டியல்.]

அந்த வாக்கியம் எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்ப்போம். 2016-இல் வெளிவந்த 2.3 பதிப்பு முதல், பிஎஃப்சென்ஸ் தன் புதுப்பிப்புகளுக்கு ஃப்ரீபிஎஸ்டியின் ‘பிகேஜி’ என்னும் பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) மேலாண்மைக் கருவியைப் பயன்படுத்துகிறது. சாதனத்தில் என்ன பதிப்பு நிறுவப்பட்டுள்ளது என்பது ‘ஈடிசி’ அடைவில் ‘வெர்ஷன்’ என்ற சிறு கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. எந்த வரிசையைச் சேர்ந்த பதிப்புகளை எதிர்பார்க்க வேண்டும் என்பதை, நாம் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் கிளை, அதாவது ‘பிராஞ்ச்’ அமைப்பு தீர்மானிக்கிறது. அந்தக் கிளையில் என்னென்ன பேக்கேஜ்கள் உள்ளன என்ற பட்டியலை பிகேஜி கருவி, பிஎஃப்சென்ஸை வெளியிடும் நெட்கேட் நிறுவனத்தின் களஞ்சியச் சர்வரிலிருந்து இறக்கிச் சாதனத்திலேயே வைத்துக்கொள்கிறது. டாஷ்போர்டில் வரும் அறிவிப்பு இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்லப்படுவதே தவிர, உலகில் வெளிவந்துள்ள பதிப்புகளை எல்லாம் தேடிப் பார்த்துச் சொல்லப்படுவது அன்று. கிளை பழையதாக இருந்தாலோ, பட்டியல் புதுப்பிக்கப்படாமல் நின்றுபோயிருந்தாலோ, ஒப்பீடு பிழையின்றி நடந்தும் விடை தவறாகத்தான் வரும். பேருந்து நிலையச் சுவரில் போன ஆண்டு ஒட்டிய கால அட்டவணையை ஒருவர் எவ்வளவு கவனமாகப் படித்தாலும் இன்றைய பேருந்தைப் பிடிக்க முடியாததைப் போல.

ஆகவே நாம் பார்க்க வேண்டிய முதல் இடம், அந்த வாக்கியத்திற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் வரி. பதிப்புத் தகவல் எந்த நாளில், எந்த மணிக்குப் பெறப்பட்டது என்று அது சொல்கிறது. பலர் இந்த வரியைக் கண்ணால் கடந்துவிடுகிறார்கள். என் கணிப்பில், முழுக் கட்டத்திலும் அதிகப் பயனுள்ள வரி இதுதான். பக்கத்தில் உள்ள சுழல் அம்புக் குறியைச் சொடுக்கினால் சோதனை மீண்டும் நடக்கும். புதுப்பிப்பு அமைப்புகளில், டாஷ்போர்டின் தானியங்கிச் சோதனையை நிறுத்திவைக்கும் ஒரு தேர்வும் இருப்பதால், முன்பு பணியாற்றிய யாரோ அதை இயக்கிவிட்டுச் சென்றிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது.

[திரையில்: ‘சிஸ்டம்’ மெனு, ‘அப்டேட்’, பிறகு ‘அப்டேட் செட்டிங்ஸ்’ தாவல்.]

அடுத்தது கிளை. ‘சிஸ்டம்’ மெனுவில் ‘அப்டேட்’ பக்கத்திற்குச் சென்றால், கீழிறங்கு பட்டியலில் தற்போதைய நிலையான பதிப்பு, முந்தைய நிலையான பதிப்பு என்று தனித்தனி வரிகள் தெரியும். இந்தச் சாதனத்தில் 2.7.0-க்கான பழைய வரியே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், அந்தக் கிளைக்குள் 2.7.0-ஐ விடப் புதியது ஏதும் இல்லாததால், அறிவிப்பு தன் வரையறைக்குள் உண்மையையே சொல்கிறது. ‘தற்போதைய நிலையான பதிப்பு’ என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டுச் சில நொடிகள் காத்திருங்கள். பெரும்பாலான நேரங்களில் சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை இடையில் சொல்லியாக வேண்டும். கிளையைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டு, ஃபயர்வாலை மேம்படுத்தாமல் விட்டுவிட்டு, பேக்கேஜ் மேனேஜரில் எதையும் நிறுவவோ புதுப்பிக்கவோ கூடாது. கிளை மாறியதும் பேக்கேஜ்கள் புதிய அடித்தளத்துக்காகக் கட்டப்பட்டவையாகவே வரும். அவை தமக்குத் தேவையான நூலகங்களையும் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் கோப்புகளையும்) கூடவே இழுத்துவந்து, பழைய அடித்தளத்தின்மேல் புதிய உறுப்புகளை ஏற்றிவிடும். 2.7.0-இலிருந்து 2.7.1-க்கு மாறும்போது அடித்தளத்தில் இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் 1.1.1 வரிசை போய் 3.0 வரிசை வந்தது. அந்த மாற்றத்தை அறியாமல் இடைவழியில் நின்ற சாதனங்களில்தான், ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.30’ என்ற பகிர்வு நூலகத்தைக் காணவில்லை, பிகேஜி கருவிக்கு அது தேவை என்ற பிழைச்செய்தி தோன்றியது. பழைய அடித்தளத்தில் இருந்தது ‘111’ என்ற எண்ணுடைய நூலகம்; புதிய பிகேஜி கருவி தேடியது ‘30’ என்ற எண்ணுடையது. இந்த நிலைக்கு வந்துவிட்ட சாதனத்தில் பிகேஜி இயங்காது என்பதால், அது சொல்லும் பதிப்பு அறிவிப்புக்கு எந்த மதிப்பும் இல்லை.

[திரையில்: கன்சோல் மெனு. எட்டாம் எண் தேர்ந்தெடுக்கப்பட்டு ஷெல் திறக்கிறது.]

கிளை சரியாக இருந்தும் அறிவிப்பு மாறவில்லை என்றால், சாதனம் களஞ்சியத்தோடு பேசுகிறதா என்பதை நேரில் கேட்டுப் பார்க்க வேண்டும். சாதனத்தின் நேரடித் திரையான கன்சோலிலோ, தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகவோ நுழைந்து, மெனுவில் 8-ஐத் தேர்ந்தெடுத்து, கட்டளைகளைத் தட்டச்சிடும் ஷெல்லுக்குச் செல்லுங்கள். திரையில் காட்டப்படும் கட்டளையில் ‘பிகேஜி-ஸ்டாட்டிக்’ என்ற கருவி, விரிவாகப் பேசச் சொல்லும் ‘டி’ என்ற தேர்வோடு, பட்டியலைப் புதுப்பிக்கும்படி அழைக்கப்படுகிறது. வழக்கமான பிகேஜிக்குப் பதிலாக இதைப் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு: இது தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், சற்று முன் சொன்ன நூலகப் பிழை இதைத் தடுக்காது.

டாஷ்போர்டு ஒரே வாக்கியத்தில் மறைத்ததை இந்தக் கட்டளை வரிவரியாகச் சொல்லிவிடும். சர்வர் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை என்று வந்தால், சிக்கல், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் உள்ளது. உள் வலையமைப்பில் உள்ள கணினிகளுக்கு இணையம் நன்றாக வேலை செய்வது, ஃபயர்வால் தனக்காகச் செய்யும் பெயர்த் தேடலும் வேலை செய்கிறது என்பதற்குச் சான்றாகாது. இணைப்பு நெடுநேரம் தொங்கிப் பிறகு தோற்றால், சாதனம் உண்மையில் பாதை இல்லாத ஐபிவி6 முகவரி வழியே முயன்றுகொண்டிருக்கலாம். ‘அட்வான்ஸ்டு’ அமைப்புகளின் ‘நெட்வொர்க்கிங்’ தாவலில் ஐபிவி4-க்கு முன்னுரிமை தரும் தேர்வு இதற்கென்றே உள்ளது. இணைப்பு முகவரி வரை சென்று, சர்வரின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழின் சரிபார்ப்பில் தோற்றால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினியில் பிஎஃப்சென்ஸை நிறுவிப் பயன்படுத்துபவர்களிடம், மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னே போயிருப்பது அரிதன்று. தேதி தவறினால் எந்தச் சான்றிதழும் செல்லாததாகவே தெரியும்.

கடிகாரமும் சரியாக இருந்து சான்றிதழ் மட்டும் ஏற்கப்படவில்லை என்றால், 2.7.0 சாதனங்களுக்கே உரிய ஒரு காரணத்திற்கு வந்துவிட்டோம்.

[திரையில்: ‘ஈடிசி’, ‘எஸ்எஸ்எல்’, ‘செர்ட்ஸ்’ அடைவின் உள்ளடக்கம். எட்டு எழுத்துகளும் ஒரு புள்ளியும் சுழியமும் கொண்ட கோப்புப் பெயர்கள் நகர்கின்றன.]

ஒரு சர்வர் தன் சான்றிதழைக் காட்டும்போது, அதை வழங்கிய சான்றளிப்பு அமைப்பை நம்பலாமா என்று ஓப்பன்எஸ்எஸ்எல் தேடும் இடம் இந்த அடைவு. அமைப்பின் பெயரை வைத்து அது நேரடியாகத் தேடுவதில்லை. பெயரிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் மதிப்பையே (ஒரு சுருக்கக் குறியீட்டையே) கோப்புப் பெயராகக் கொண்டு தேடுகிறது. திரையில் தெரியும் புரியாத பெயர்கள் அந்த மதிப்புகள்தாம். ஒவ்வொன்றும் வேறிடத்தில் உள்ள ஒரு சான்றிதழைச் சுட்டும் இணைப்பு. இந்த இணைப்புகள் உருவாக்கப்படாமல் இருந்தால், நம்பகமான சான்றிதழ் வட்டில் இருந்தும் இல்லாததற்குச் சமம். ‘செர்ட்சிடிஎல்’ என்ற கருவியை ‘ரீஹாஷ்’ என்ற சொல்லோடு இயக்கினால், இணைப்புகள் அனைத்தும் புதிதாக உருவாகும். 2.7.0 பதிப்பில் இருப்பவர்களுக்கு அடுத்த பதிப்புகள் தென்படாதபோது செய்யவேண்டியதாக நெட்கேட்டின் ஆவணங்களே குறிப்பிடும் வழி இதுதான். ஒரு வரியில் முடியும் இந்த வேலைக்காக, ஃபயர்வாலையே அழித்து மீண்டும் நிறுவியவர்களும் உண்டு என்பது வருத்தத்திற்குரியது.

இதன் பின் மீண்டும் ‘அப்டேட்’ பக்கத்திற்குச் சென்று, கிளையை ஒருமுறை வேறொன்றுக்கு மாற்றி, மறுபடியும் தற்போதைய நிலையான பதிப்புக்குக் கொண்டுவாருங்கள். களஞ்சிய அமைப்பு அப்போது புதிதாக எழுதப்படும். இதற்கும் அசையாத சாதனத்தில், பிகேஜி-ஸ்டாட்டிக் கருவியைக் கொண்டு தற்காலிகச் சேமிப்பைத் துடைத்துவிட்டு, பிகேஜி, பிஎஃப்சென்ஸ்-ரெப்போ, பிஎஃப்சென்ஸ்-அப்கிரேடு ஆகிய மூன்று பேக்கேஜ்களையும் கட்டாயமாக மறுநிறுவல் செய்யும் கட்டளைகளைத் திரையில் காண்கிறீர்கள்.

[திரையில்: மூன்று வெவ்வேறு டாஷ்போர்டு படங்கள் அடுத்தடுத்து.]

பொய்யில்லாமலே வழிதவறச் செய்யும் வேறு அறிவிப்புகளும் உள்ளன. அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதிகாரபூர்வ வெளியீட்டைவிடப் பிந்தைய பதிப்பில் சாதனம் இருப்பதாக வரும் அறிவிப்பு, வளர்ச்சி நிலைப் பதிப்பை நிறுவிவிட்டு நிலையான கிளையைத் தேர்ந்தெடுத்திருப்பவர்களுக்கு வருவது. பதிப்பு எண்ணுக்குக் கீழே ‘ஃப்ரீபிஎஸ்டி 14.0-கரண்ட்’ என்று இருப்பதைப் பார்த்து, சோதனைப் பதிப்பு நுழைந்துவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை; 2.7 வரிசையின் நிலையான வெளியீடுகளே ஃப்ரீபிஎஸ்டியின் அந்த வளர்ச்சிக் கிளையின்மீது கட்டப்பட்டவை. 23.09 போன்ற எண்ணைக் கண்டு, தம் 2.7.1 பல தலைமுறை பின்தங்கிவிட்டது என்று நினைப்பவர்களும் உள்ளனர். அது பிஎஃப்சென்ஸ் பிளஸ் என்ற வணிகப் பதிப்பின் எண், 2021-இல் 21.02 என்று தொடங்கிய அந்த வரிசை ஆண்டையும் மாதத்தையும் கொண்டு எண்ணப்படுகிறது, இரண்டும் 2023 நவம்பரில் வெளிவந்தவையே. புதுப்பிப்பைச் சோதிக்க முடியவில்லை என்ற அறிவிப்பைப் பலர் வெறுக்கிறார்கள்; இருப்பதற்குள் நேர்மையானது அதுதான், ஏனெனில் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே அது சொல்கிறது.

[திரையில்: ‘டயக்னாஸ்டிக்ஸ்’ மெனுவில் ‘பேக்கப் அண்டு ரெஸ்டோர்’.]

அறிவிப்பு சரியாகி, புதிய பதிப்பு கண்ணில் பட்டவுடன் உறுதிப்படுத்தும் பொத்தானை அழுத்திவிடாமல், முதலில் கட்டமைப்புக் கோப்பை இறக்கி வேறு கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவியுள்ள பேக்கேஜ்களை மேம்படுத்தலுக்கு முன் புதுப்பிக்காதீர்கள். அவற்றை இருந்தபடியே விட்டுவிடலாம், அல்லது அகற்றிவிட்டுப் பின்னர் நிறுவிக்கொள்ளலாம். மேம்படுத்தலை இணைய உலாவியிலிருந்து செய்வதைவிடக் கன்சோல் மெனுவின் 13-ஆம் எண் வழியே செய்வதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் இடையில் ஏதேனும் நின்றுபோனால் எந்த வரியில் நின்றது என்பது அங்கே தெரியும்.

சாதனம் மறுதொடக்கமாகித் திரும்பிய பிறகு, டாஷ்போர்டின் வாக்கியத்தைப் பார்ப்பதற்கு முன் ஷெல்லில் நுழைந்து ‘ஈடிசி’ அடைவின் ‘வெர்ஷன்’ கோப்பைத் திறந்து பாருங்கள். அதில் உள்ள எண், தேர்ந்தெடுத்த கிளையின் எண்ணோடு ஒத்துப்போய், பட்டியல் பெறப்பட்ட நேரமும் மறுதொடக்கத்திற்குப் பிந்தையதாக இருந்தால், பேக்கேஜ்களை நிறுவத் தொடங்கலாம்.