காணாமப் போன விண்டோ எங்க இருக்கு தெரியுமா? மைனஸ் 1920-ல!

ஆப் ஓடிட்டு தான் இருக்கு, டாஸ்க்பார்ல ஐகான் கீழ கோடு தெரியுது, க்ளிக் பண்ணா ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வரல. உடனே ரீஸ்டார்ட் பண்ணப் போயிடாதீங்க, பல ஆப் அதுக்கப்புறமும் அதே இடத்துல தான் போய் ஒக்காரும்.

வணக்கம் மக்களே! ரெண்டு மானிட்டர் வசதி மேக்ல 1987-லயே வந்துருச்சு, வீட்டு விண்டோஸ்ல 98-ல வந்துச்சு, வரலாறு இவ்ளோ போதும், மேட்டருக்கு வாங்க.

[திரையில்: பக்கத்து பக்கத்துல ரெண்டு மானிட்டர், நடுவுல 0,0 புள்ளி]

நீங்க எத்தனை மானிட்டர் மாட்டினாலும் விண்டோஸுக்கு அது ஒரே பெரிய பரப்பு தான். மெயின் டிஸ்ப்ளேயோட இடது மேல் மூலை 0,0. வலது பக்கம் போகப் போக எக்ஸ் கூடும், கீழ இறங்க இறங்க ஒய் கூடும். சரி, இடது பக்கம் இன்னொரு மானிட்டர் வச்சா? அங்க எக்ஸ் எல்லாமே மைனஸ்! 1920 பிக்சல் அகல மானிட்டர்னா அதோட இடது ஓரம் மைனஸ் 1920. நிறைய ஆப் மூடும்போது இந்த நம்பரை எழுதி வச்சுக்கும், அடுத்த நாள் நீங்க அந்த மானிட்டரைக் கழட்டிட்டு லேப்டாப்பை மட்டும் திறக்கிறீங்க, நல்லா எழுதின ஆப்னா இந்த இடத்துல மானிட்டர் இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கும், மத்ததெல்லாம் இடிச்ச வீட்டு விலாசத்துக்கு தபால் போட்ட மாதிரி நேரா அங்கயே போய் திறக்கும். விண்டோ நிஜமாவே திறந்திருக்கு, அதைக் காட்ட அங்க ஸ்க்ரீன் தான் இல்ல!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். நீங்க மினிமைஸ் பண்ற விண்டோவை விண்டோஸ் எங்க கொண்டு போய் வைக்குது தெரியுமா? மைனஸ் 32000, மைனஸ் 32000! எந்த மானிட்டரும் எட்டாத தூரம். மினிமைஸ்ல இருக்கும்போதே மூடின சில ஆப் அந்த நம்பரையே சேவ் பண்ணிட்டு அடுத்த தடவை அங்கயே திறக்கப் பாக்கும். என்னா தூரம் பாருங்க!

மீட்கிறது ஈஸி. ஆல்ட் டேப் அடிச்சு அந்த விண்டோவை செலக்ட் பண்ணுங்க, ஆல்ட் ஸ்பேஸ், அப்புறம் எம், அப்புறம் ஏதாவது ஒரு ஏரோ கீயை ஒரே ஒரு தடவை தட்டுங்க. இப்போ கீபோர்டை விட்டுட்டு மௌஸை லேசா நகர்த்துங்க, விண்டோ அப்படியே கர்சர்ல ஒட்டிட்டு வரும், க்ளிக் பண்ணி விட்டுடுங்க. ரெண்டு மானிட்டரும் மாட்டியிருந்தா விண்டோஸ் கீ, ஷிஃப்ட், இடது இல்லேன்னா வலது ஏரோ மூணையும் சேத்து அமுக்குங்க, அடுத்த மானிட்டருக்கு ஒரே தாவு.

மேக்ல டிஸ்ப்ளேக்கு தனித்தனி ஸ்பேஸ், அதாவது தனித்தனி டெஸ்க்டாப், ஆன்ல இருந்தா ஒரு விண்டோ ரெண்டு ஸ்க்ரீன்ல பாதி பாதியா நிக்காது. லினக்ஸ்ல விண்டோவைத் திரைல காட்டுற வேலண்ட்ங்கிற முறைல சாதாரண ஆப் தன் இடத்தைத் தானே முடிவு பண்ணவே முடியாது, எல்லா விண்டோவையும் சேத்து திரைல வரையுற கம்போசிட்டர் தான் முடிவு பண்ணும், நிறைய பேர் இதைத் திட்டுறாங்க, ஆனா என்னைக் கேட்டா அது தான் சரி.

கடைசியா, டிஸ்ப்ளேபோர்ட்ங்கிற கேபிள்ல மாட்டின மானிட்டரை ஆஃப் பண்ணாலே கழட்டிட்டதா கம்ப்யூட்டர் எடுத்துக்கலாம், அதான் எல்லா விண்டோவும் ஒரே ஸ்க்ரீன்ல குவியுது. விண்டோஸ் 11-ல டிஸ்ப்ளே செட்டிங்ஸ், மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் உள்ள போய் ‘ரிமெம்பர் விண்டோ லொகேஷன்ஸ்’னு ஆரம்பிக்கிற டிக்கைப் போட்டுடுங்க, திரும்ப ஆன் பண்ணதும் அதது பழைய இடத்துக்குப் போயிடும். அப்பவும் அடம் பிடிக்கிற ஆப் எதுன்னு கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோல அதைத் தான் பிரிச்சுப் பாக்கப் போறோம்!