பத்தாம் நம்பர் முள்

(கும்பகோணத்தில் ஒரு நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, நூலகர் அவர்களே, வானம் கறுத்திருந்தும் குடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் நிற்கும் என் கடைத் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தூண்டில் கடைக்காரனுக்கு மேடையில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு. தூண்டில் கடை நடத்துவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். என் அனுபவத்தில் அது, கேட்டதை உடனே எடுத்துக் கொடுக்காமல் இருப்பது எப்படி என்பதுதான்.

போன வாரம் ஒரு தம்பி வந்தார். கையில் செல்போன், அதில் ஒரு வீடியோ. எங்கோ கடலில் ஆள் உயர மீனை ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார். “அண்ணே, இதே ராடு, இதே ரீல் வேணும்” என்றார். விலையைச் சொன்னால் அந்த மாத வாடகையை நான் கட்டிவிடலாம். சரி, எந்தத் தண்ணீரில் போடப் போகிறீர்கள் என்று கேட்டேன். அரசலாறு என்றார். என்ன மீன்? “எது வந்தாலும் சரிண்ணே.” அவருக்கு ஒரு மூங்கில் கம்பு, கொஞ்சம் தூண்டில் நரம்பு, ஒரு தக்கை, ஈயக்குண்டு, பத்தாம் நம்பர் தூண்டில் முள் ஒரு பாக்கெட். அவ்வளவுதான் கொடுத்து அனுப்பினேன். என் வீட்டுக்காரம்மா கல்லாவில் இருந்தார். அந்தப் பார்வையைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

இதோ, அந்தப் பத்தாம் நம்பர் முள்ளைக் கொண்டுவந்திருக்கிறேன். முன்வரிசையில் இருப்பவர்களுக்குக்கூடச் சரியாகத் தெரியாது. முள்ளின் நம்பர் ஒரு தலைகீழ்க் கணக்கு. பதினாறு என்றால் பொடி முள். நம்பர் குறையக் குறைய முள் பெரிசாகும். ஒன்றுக்கு வந்ததும் கணக்கு திரும்பி, ஒன் ஓ, டூ ஓ என்று மேலே ஏறும். புதிதாக வருகிறவர்கள் பெரிய நம்பர் என்றால் பெரிய மீன் என்று நினைத்துக் கேட்பார்கள். வாயைப் பார்த்துத்தான் முள். ஜிலேபி மீனுக்கு வாய் சின்னது. டூ ஓ முள்ளைப் போட்டால் இரையைச் சுற்றிக் கடித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். நீங்கள் கரையில் உட்கார்ந்து அதற்குச் சாப்பாடு போட்டதுதான் மிச்சம்.

எங்கள் அப்பா வைத்திருந்தது மளிகைக் கடை. அதில் ஒரு பெருங்காய டப்பாவில் தூண்டில் முள் இருக்கும். நார்வேயில் 1877இல் இயந்திரத்தில் முள் செய்யத் தொடங்கிய முஸ்டாட் கம்பெனியின் முள்ளை அந்த டப்பாவில்தான் முதலில் பார்த்தேன். முள்ளெல்லாம் பெருங்காய வாசம் அடிக்கும். கோதுமை மாவு உருண்டையில் பெருங்காயம் சேர்த்தால் மீன் தேடி வரும் என்று இன்றும் பலர் சத்தியம் செய்கிறார்கள். தாத்தா காலத்தில் பருத்தி நூல்தான். அது இற்றுப்போகாமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாறு ஏற்றுவார்களாம். அப்புறம் நைலான் நரம்பு வந்தது, அந்த வேலை போயிற்று.

நைலானுக்கு வெயில் ஆகாது. கண்ணாடி அலமாரியில் வாசல் பக்கம் கலர் கலராக அடுக்கினால் கடை பார்க்க நன்றாக இருக்கும். ஒரு கோடை போனால் நரம்பின் பலம் போய்விடும். அதனால் என் கடையில் நரம்பு உள் அறையில், அட்டைப்பெட்டிக்குள். பாழடைந்த கடை மாதிரி இருக்கிறது என்று சிலர் சொல்வதற்குக் காரணம் அதுதான். இன்னொன்று: முடிச்சு போட்டு இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்தபடி இழுத்தால் உரசலில் சூடேறி, முடிச்சுக்குள்ளேயே நரம்பு நொந்துபோகும். பெரிய மீன் அறுத்துக்கொண்டு போனது என்று என்னிடம் வந்து புலம்புகிற பல கதைகளில் மீன் பெரியதில்லை, முடிச்சுதான் காய்ந்தது.

என் வியாபாரம் மேட்டூர்க்காரர்கள் கையில் இருக்கிறது. ஜூன் 12 அணை திறந்தால் ஊருக்கே கொண்டாட்டம். புதுத் தண்ணீர் நுரையும் செத்தையுமாக வந்து சேரும்போது கடையில் நிற்க இடமிருக்காது. ஜனவரி 28 அணையை மூடினால் கொஞ்ச நாளில் ஆறு மணலாகிவிடும். அப்புறம் குளம் குட்டைதான். அதுவும் குத்தகைக்குப் போயிருக்கும். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தூண்டில் போடக் கூடாது. தண்ணீர் வராத வருஷம் என்ன செய்வேன் என்று கேட்டால், டார்ச்சும் குடையும் தொட்டி மீனுக்குத் தீனியும் விற்பேன்.

இணையத்தில் என்னைவிட மலிவாகக் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் கொள்ளிடத்து அணைக்கரையில் நேற்று தண்ணீர் கலங்கலா தெளிவா என்பது அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. எனக்கும் நான் சொந்தமாகப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் விடிகாலையில் கடை திறக்காது. அந்த நேரம் நான் கரையில் இருப்பேன். தக்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கீழே யார் வந்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம். பொடிசுகள் வந்தால் தக்கை தந்தி அடிக்கும். கெளுத்தி சாவகாசமாகப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். விரால் என்றால் தக்கை இருந்த இடமே இருக்காது.

விராலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் குளத்து ஓரத்தில் தண்ணீர்மேல் ஓரிடம் மட்டும் தூறல் விழுவதுபோல் துள்ளிக்கொண்டிருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் செம்மஞ்சள் நிறத்தில் பொடிக் குஞ்சுகள், ஒரே கொத்தாக, மூச்சு வாங்க மேலே வந்து வந்து போகும். அதற்கு நேர் கீழே தாயோ தகப்பனோ நிற்கிறது என்று அர்த்தம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எதைப் போட்டாலும் பாயும். பசியினால் இல்லை, துரத்த. அங்கே ரப்பர் தவளையை வீசினால் சின்னப் பையனும் பெரிய விரால் பிடிப்பான். பிடித்த பிறகு அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும்.

ரப்பர் தவளை நானும் விற்கிறேன். லாபம் நல்ல லாபம். ஆனால் “அண்ணே, குஞ்சுக்கூட்டம் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்” என்று ஆரம்பித்தால், தவளை இல்லை என்பேன். “கண்ணாடிக்குள்ள தொங்குதே?” “அது வேற ஆளுக்கு எடுத்து வெச்சது தம்பி.” அந்த வேற ஆள் பல வருஷமாக வரவே இல்லை என்பது பின்வரிசைத் தம்பிகளுக்குத் தெரியும், சிரிக்கிறார்கள் பாருங்கள்.

ஜிலேபிக்கு அந்த விதி இல்லை. அது ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு எந்தச் சாக்கடையிலும் இருக்கிறது. பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். வாய் நிறையப் பிள்ளையை வைத்துக்கொண்டு அனேகமாக இரை எடுக்காது, தூண்டிலிலும் மாட்டாது. விரால் பாவம், வாயைத் திறந்துகொண்டு சண்டைக்கு வரும். ஆகவே பத்தாம் நம்பர் முள்ளை எடுத்துக்கொண்டு போய் ஜிலேபி எவ்வளவு வேண்டுமானாலும் பிடியுங்கள். குழம்புக்கும் நல்லது, குளத்துக்கும் நல்லது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு விஷயம் சொல்லிவிட்டு உட்காருகிறேன். தேளி மீன் குத்தினால் மஞ்சள், சுண்ணாம்பு என்று தேடாதீர்கள். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், வலி குறையும். வலி நிற்காவிட்டால் டாக்டரிடம் போங்கள். அப்புறம், அணைக்கரைக்குப் போகிறவர்கள் ஷட்டருக்கு நேர் கீழே மீன் கூடி நிற்கிறது என்று இறங்கிவிடாதீர்கள். மீன் அங்கேதான் நிற்கும், எனக்கும் தெரியும். கொள்ளிடத்தில் தண்ணீரைத் திறந்தால் மேலே ஏறிவர நேரம் இருக்காது. கரையிலிருந்தே எட்டுகிற மாதிரி நீளக் கம்பு வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள். அதை மட்டும் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பேன்.

நன்றி, வணக்கம்.